4 வயதுக் குழந்தை, முழங்கால் வலியுள்ள அம்மா: ஆற்றுப் பள்ளத்தாக்கில் 6 கி.மீ. நடக்க முடியுமா?

இளவேனில்

வணக்கம். மலைப்பகுதியில் ஒரு சிறிய ஆற்றை ஒட்டிப் போகும் பாதையில் குடும்பத்தோடு நடக்கத் திட்டமிடுகிறோம். பெரியவர்கள் இருவர், 9 வயது மகன், 4 வயது மகள், 68 வயது அம்மா. அம்மா சமதளத்தில் நன்றாக நடப்பார். இறக்கத்தில்தான் முழங்கால் வலிக்கும்.

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஆற்றோடு மேல்நோக்கி 3 கி.மீ. போனால் ஒரு சின்ன அருவி. போன வழியிலேயே திரும்ப வேண்டும். ஏற்றம் மொத்தம் 150 மீட்டர் என்று மேப் காட்டுகிறது. பாதை இரண்டு இடத்தில் ஆற்றைக் கடக்கிறது. 1.2 கி.மீ.-இல் நடைப்பாலம் இருக்கிறது. 2.4 கி.மீ.-இல் பாலக் குறி எதுவும் இல்லை, பாதைக் கோடு மட்டும் நீருக்குள் இறங்கி அக்கரையில் ஏறுகிறது.

எத்தனை மணி நேரம் ஆகும்? பாலம் இல்லாத இடத்தில் குழந்தைகளோடு கடக்கலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

மேட்டுவழி

நேரக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். மற்ற முடிவுகளெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கி.மீ.-க்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 மணி நேரம். அதன்படி உங்கள் நடைக்கு 72 நிமிடமும் 15 நிமிடமும் சேர்த்து 87 நிமிடம் வரும். இது நல்ல உடல்வாகுள்ள பெரியவர் எங்கும் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். 4 வயதுக் குழந்தையை வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

குழந்தையின் வேகம் மணிக்கு 2 கி.மீ. என்று வையுங்கள். 6 கி.மீ.-க்கு 3 மணி நேரம். ஏற்றத்துக்கு அரை மணி. 40 நிமிடத்துக்கு ஒருமுறை 10 நிமிட நிறுத்தம், அது ஒரு முக்கால் மணி. அருவியில் அரை மணி. மொத்தம் 4 மணி 45 நிமிடம். காலை 7.30-க்குக் கிளம்பினால் அருவிக்கு 9.50, திரும்புவது 10.20, வண்டிக்கு 12.15. மலைப்பகுதியில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். வெயிலில் சூடான ஈரக்காற்று சரிவேறி மேகமாகத் திரள அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்கு முன்னால் ஆற்றை விட்டு வெளியே வந்துவிடுவீர்கள்.

அந்த 10.20-ஐ வீட்டிலேயே முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அருவி கண்ணில் படுகிறதோ இல்லையோ, 10.20-க்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்ப வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான், அந்த வளைவைத் தாண்டினால் வந்துவிடும்" என்ற பேச்சில்தான் குடும்ப நடைகள் கெட்டுப்போகின்றன. குழந்தை தெம்பை எல்லாம் போகும்போதே செலவழித்துவிடும். வரும்போது அதே தூரம் இரட்டிப்பாகத் தெரியும்.

அடுத்து அந்த 150 மீட்டர் ஏற்றம். அதை அப்படியே நம்ப வேண்டாம். சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள்) 20 மீட்டருக்கு ஒன்று என்ற மேப்பில், 20 மீட்டருக்குக் குறைந்த மேடு பள்ளம் எதுவும் தெரியாமல் போகலாம். ஆற்றோரப் பாதையோ பாறை வந்த இடத்தில் 8 மீட்டர் ஏறிச் சுற்றி மறுபடி இறங்கும், அடுத்த பாறையிலும் அப்படியே. பத்துப் பாறை வந்தால் 80 மீட்டர் கணக்கில் வராத ஏற்றம். அதே அளவு இறக்கமும் உண்டு, அம்மாவுக்கு முக்கியம் அதுதான்.

மேப்பில் இன்னொன்றையும் பாருங்கள். ஆற்றைக் கடக்கும் இடங்களில் சமவுயரக் கோடுகள் 'வி' போல மடங்கியிருக்கும், அதன் கூர்முனை ஆறு வரும் திசையைக் காட்டும். இரு கரையிலும் கோடுகள் நெருங்கி ஆற்றை ஒட்டி நின்றால் அது இடுக்கு, நீர் ஏறினால் பக்கவாட்டில் ஒதுங்க வழியில்லாத இடம். அங்கே சாப்பிட உட்கார வேண்டாம், நிற்காமல் கடந்துவிடுங்கள். ஓய்வுக்குக் கோடுகள் அகன்று கிடக்கும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, மேல்நோக்கிப் போய்த் திரும்பும் வழி என்பது உங்களுக்குச் சாதகம். களைத்த பிறகு இறக்கம் கிடைக்கிறது.

கரையோரம்

நேரக் கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2.4 கி.மீ.-இல் இருக்கும் கடவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். மலை ஆற்றில் ஆழத்தைவிட வேகம் முக்கியம். வேகம் இரு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் கெண்டைக்கால் அளவு நீரே ஒரு பெரியவரைச் சாய்த்துவிடுகிறது. அதே நீர் 4 வயதுக் குழந்தைக்கு முழங்காலைத் தாண்டும்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். கரையோடு 10 மீட்டரை அளந்துகொள்ளுங்கள், பெரியவர் சாதாரணமாக எட்டு வைத்தால் 13 அல்லது 14 எட்டு. மேல்முனையில் ஒரு பச்சைக் குச்சியை நீரோட்டத்தின் நடுவில் எறியுங்கள். காய்ந்த சருகு வேண்டாம், அது நீரின் மேலேயே நிற்பதால் காற்று தள்ளிக் கணக்கைக் கெடுக்கும். பச்சைக் குச்சி பாதி மூழ்கி நீரோடு போகும். 10 மீட்டரை 10 நொடிக்குள் கடந்தால் வேகம் விநாடிக்கு 1 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் நீர் உங்கள் கெண்டைக்காலுக்கு மேலும் இருந்தால், குழந்தைகளோடு இறங்க வேண்டாம் என்பேன். நின்று கேட்டும் பாருங்கள். அடியில் கல் உருளும் 'கடகட' ஓசை வந்தால் அளக்கவே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

நீர் அமைதியாக இருந்தாலும் கடக்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். 30 மீட்டருக்குள் பாறையிலிருந்து நீர் விழும் இடமோ, ஆற்றில் குறுக்கே கிடக்கும் மரமோ இருந்தால் அந்த இடம் ஆகாது. சாய்ந்த மரக்கிளைகள் வழியாக நீர் போகும், ஆள் போக முடியாது. நீரே அவரைக் கிளைகளோடு அழுத்தி வைத்துக்கொள்ளும்.

ஆறு அகன்று, கூழாங்கல் தெரிய, பல கிளையாகப் பிரிந்து ஓடும் இடமே கடக்க ஏற்றது. குறுகிய இடம் தூரம் குறைவு என்று ஆசை காட்டும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். வளைவில் வெளிக்கரைப் பக்கம் நீர் குடைந்து மடுவாக்கியிருக்கும், அங்கும் வேண்டாம்.

இறங்கும்போது ஷூவோடு இறங்குங்கள். சாக்ஸை மட்டும் கழற்றிப் பையில் வைத்தால் அக்கரையில் காய்ந்த சாக்ஸ் கிடைக்கும். வெறுங்காலில் கல் குத்தினால் உடம்பு தன்னால் துள்ளும், நிலை தவறுவது அப்போதுதான். முகம் நீர் வரும் பக்கம், கையில் ஊன்றுகோல், ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும் நகர வேண்டும். முதுகுப் பையின் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும்.

இனி வெள்ளம். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், ஆறு மட்டும் ஏறும். மழை பெய்தது மேலே, முகட்டுக்குப் பின்னால். அறிகுறிகள் பெரும்பாலும் இந்த வரிசையில் வரும்: தெளிந்த நீர் லேசாகக் கலங்கும், சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வரும், ஓசை கனக்கும். முதல் அறிகுறியிலேயே கிளம்ப வேண்டும், மூன்றாவதற்குக் காத்திருக்கக் கூடாது. ஆற்றோடு கீழே ஓடக் கூடாது, வெள்ளமும் அந்த வழியில்தான் வருகிறது. பக்கவாட்டில் சரிவேறுங்கள், பையை விட்டுவிட்டாவது.

உட்காரும் இடத்தில் நீர்விளிம்பில் ஒரு கல்லை, பாதி நனைந்து பாதி காய்ந்திருக்கும்படி வையுங்கள். காய்ந்த பாதி நனைந்துவிட்டால் ஆறு ஏறுகிறது என்று பொருள். இந்தக் காவலை மகனிடம் கொடுங்கள், 9 வயதுக்காரர்கள் இதை ஒழுங்காகச் செய்வார்கள்.

மேலே அணை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் மழையே இல்லாமலும் நீர் திறப்பார்கள். சைரன் கேட்டால் உடனே மேட்டுக்குப் போய்விட வேண்டும். பனி உருகி வரும் ஆறாக இருந்தால் காலையில் குறைவாகவும் பிற்பகலில் கூடுதலாகவும் ஓடும், போகும்போது கடந்த இடத்தை வரும்போது கடக்க முடியாமல் போகலாம்.

இளவேனில்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். அந்தக் கடவில் மிதிகற்கள் வரிசையாகப் போட்டிருப்பது புகைப்படங்களில் தெரிகிறது. அப்படியென்றால் கவலை குறைவுதானே? மகளை முதுகில் மாட்டும் கேரியரில் வைத்துக் கடக்கலாம் என்றும் யோசிக்கிறோம், சரியா?

கூழாங்கல்

கேரியரில் வைத்து ஆற்றில் இறங்க வேண்டாம். மேலே ஒருவர் பட்டையை அவிழ்க்கச் சொன்னாரே, அதை யோசித்துப் பாருங்கள். நீரில் விழுந்தால் பையை உதறிவிட்டு எழுவதுதான் தப்பிக்கும் வழி. கேரியரில் குழந்தை பட்டையால் கட்டப்பட்டிருக்கும், உங்களால் உதற முடியாது. நீங்கள் குப்புற விழுந்தால் உங்கள் எடையோடு அவளும் நீருக்குள். இது போதாதென்று 15, 16 கிலோ தோள் உயரத்தில் ஏறியதும் எடையின் மையம் மேலே போய்விடும், சின்ன வழுக்கலும் பெரிய சாய்வாகும்.

பாதையில் கேரியர் நல்ல துணை, கடைசி 2 கி.மீ.-க்குத் தேவைப்படலாம். ஆனால் அதில் உட்கார்ந்திருக்கும் குழந்தை நடக்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். சுமப்பவருக்கு வியர்க்கும்போது அவளுக்குக் குளிரும். கால்கள் தொங்கியே இருப்பதால் பாதம் முதலில் சில்லிடும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் வரும் கிளைகளையும் கவனியுங்கள், நீங்கள் குனிந்தாலும் அவள் குனிய மாட்டாள்.

மிதிகல் விஷயம் கல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெளிறி, சொரசொரப்பாக, மேற்பரப்பு காய்ந்திருக்கும் கல் காலைப் பிடிக்கும். கறுத்து மினுங்கும் கல்லில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாசிப் படலம் இருக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள், சோப்பு போல நழுவினால் அந்தக் கல் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஷூ எவ்வளவு நல்லதானாலும் அந்தப் படலத்தின் மேல் பிடிக்காது. ஈரக் கல்லில் தாவுவதைவிடக் கல்லுக்குப் பக்கத்தில் கணுக்கால் நீரில் நடப்பது பத்திரம். பலர் ஷூ நனையக் கூடாது என்று தாவித்தான் மணிக்கட்டை ஒடித்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு பெரியவர் தனியாகப் போய் ஒவ்வொரு கல்லையும் அழுத்தி, ஆடுகிறதா என்று பார்த்துத் திரும்ப வேண்டும். கற்களுக்கு இடையே பெரியவரின் ஒரு எட்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தைகளுக்கு அது கடவு இல்லை. இடைவெளி சிறிது, நீர் கணுக்கால் அளவு, வேகமும் குறைவு என்றால் மகள் கல்லின் மேல் நடக்கட்டும். ஒருவர் அவளுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது நீர் போகும் பக்கம், ஆற்றுக்குள் நின்று நகர்ந்து வர வேண்டும். வழுக்கினால் நீர் அவளை உங்களிடம்தான் கொண்டுவரும். மேல்பக்கம் நின்றால் உங்களை விட்டு விலகிப் போவாள். கையைப் பிடிப்பதைவிட அக்குளுக்குக் கீழே பிடிப்பது நல்லது. நனைந்த சின்ன விரல்கள் நழுவும், சட்டென்று இழுத்தால் அந்த வயதில் முழங்கை மூட்டு நழுவவும் வாய்ப்பிருக்கிறது.

கண்ணால் பார்த்தே 'வேண்டாம்' என்று தோன்றினால் 2.4 கி.மீ.-ஐயே முடிவிடமாக்குங்கள். கூழாங்கல் கரை பெரும்பாலும் அங்கேயே இருக்கும், குழந்தைகளுக்கு அருவியைவிட அதுதான் பிடிக்கும்.

சரிவுநடை

அம்மாவின் முழங்காலைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

இறக்கத்தில் ஒவ்வொரு எட்டிலும் உடல் எடை கீழே விழுவதை முழங்கால்தான் பிடித்து நிறுத்துகிறது. தொடையின் முன்தசை இழுபட்டுக்கொண்டே வேலை செய்வதால் சீக்கிரம் களைக்கும். களைத்த பிறகு சுமை முழுக்க மூட்டில் இறங்கும். எட்டைப் பாதியாகக் குறைப்பது, முழங்காலை முழுக்க நீட்டாமல் லேசாக மடக்கியே வைப்பது, உயரமான படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்குவது, இந்த மூன்றுமே நல்ல வித்தியாசம் தரும்.

இரண்டு ஊன்றுகோல் வேண்டும். ஒன்று போதாது, ஒரு பக்கமே சாய்ந்து இடுப்பு வலிக்கும். சமதளத்தில் கோலை ஊன்றும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், அதுதான் சரியான நீளம். இறக்கத்தில் 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். கைப்பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிறகு பட்டையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது எடை பட்டையில் இறங்கும், விரல்கள் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. ஆற்றைக் கடக்கும்போது மட்டும் கையைப் பட்டையிலிருந்து எடுத்துவிட வேண்டும். கோல் கல்லிடுக்கில் சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

ஷூவில் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கால் நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் பாதம் முன்னால் நகர்ந்து நகம் ஷூவில் இடித்துக் கறுத்துவிடும். இறங்கத் தொடங்கும் முன் ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினாலே பாதி தீரும். குதிகாலில் எரிச்சல் தொடங்கினால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டுவதில் பெரிய பயன் இல்லை. மகளுக்கு இதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் 'எரிகிறது' என்று சொல்ல மாட்டாள், 'தூக்கு' என்றுதான் சொல்வாள்.

மேட்டுவழி

எடுத்துப் போக வேண்டியவற்றைக் கேட்டிருந்தீர்கள். பட்டியலாக நீட்டாமல், எது விட்டுப்போனால் நடை கெடுமோ அதை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர்: பெரியவருக்கு 1.5 லிட்டர், குழந்தைக்கு முக்கால் லிட்டர். மொத்தம் 6 லிட்டர், 6 கிலோ. இரண்டு பைகளில் பிரித்துப் போடுங்கள், ஒரு பையே ஆற்றில் போனாலும் மீதி இருக்கும். ஆற்று நீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம். கிருமியும் மேலே மேயும் விலங்குகளின் கழிவும் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைப்பதானால் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கட்டும், 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம்.

குழந்தைகளுக்கு ஒரு முழு மாற்றுடை, நீர் புகாத உறைக்குள். இதில் சிக்கனம் வேண்டாம். பருத்திச் சட்டை நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பின் சூட்டை இழுக்கும். குழந்தையின் எடைக்கு உடற்பரப்பு அதிகம் என்பதால் பெரியவரைவிட வேகமாகக் குளிர்வாள். நடுங்குவது முதல் அறிகுறி. துறுதுறுவென்றிருந்த குழந்தை பேச்சைக் குறைத்து, தடுமாறி, தூங்க வேண்டும் என்றால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஈரத்தைக் கழற்றி, துடைத்து, காய்ந்த உடை போட்டு, உங்கள் மார்போடு அணைத்து மேலே ஒரு போர்வை. தெளிவாக இருந்தால் இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள்.

தின்பதற்கு உலர்பழம், ரொட்டி போல எதுவும் சரி. முழுக் கடலை வகைகளை மட்டும் 4 வயதுக் குழந்தைக்கு நடந்துகொண்டே கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் அடைக்கும்.

இரு குழந்தைகள் கழுத்திலும் விசில். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று, அருகில் இருக்கும் மரத்தைத் தொட்டுக்கொண்டு ஊத வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். உதவி கேட்கும் சைகை நிமிடத்துக்கு 6 முறை ஊதி 1 நிமிடம் நிறுத்துவது, பதில் 3 முறை. ஆற்றின் இரைச்சலில் குரல் 20 மீட்டரில் கரைந்துவிடும், விசில் அதைத் தாண்டிக் கேட்கும்.

போன் பள்ளத்தாக்கில் சிக்னல் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். ஒன்றை அணைத்தே வையுங்கள். அவசரத்தில் 112-ஐ அழைக்கலாம், உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் கிடைத்தால் போகும். மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் பாறைச் சுவர் உள்ள இடத்தில் ஜிபிஎஸ் புள்ளி தள்ளிக் காட்டும், பாதையை விட்டு அந்தப் புள்ளியைத் துரத்த வேண்டாம்.

அட்டை கடித்தால் பிடுங்க வேண்டாம். மெல்லிய முனைதான் வாய்ப்பக்கம். அதற்கு அருகில் தோலோடு நகத்தை வைத்துத் தள்ளினால் கழன்றுவிடும், பிறகு தடித்த முனை. உப்பும் நெருப்பும் வைத்தால் அது உள்ளே இருப்பதைக் காயத்தில் கக்கும். ரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் ஒழுகிக்கொண்டே இருக்கும். துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள், பயப்பட வேண்டியதில்லை. உண்ணியானால் முறை வேறு: முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும்.

மலம் கழிக்க நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், 15 முதல் 20 செ.மீ. குழி தோண்டி மூடுங்கள். கீழே இருப்பவர்கள் அந்த ஆற்றைத்தான் குடிக்கிறார்கள்.

இளவேனில்

எல்லோருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறோம்: 7.30 கிளம்புவது, 10.20 திரும்புவது, கடவில் குச்சி போட்டுப் பார்த்து முடிவு, வேண்டாமென்றால் கூழாங்கல் கரையோடு நிறுத்துவது. கடக்கும்போது பாதுகாப்புக்கு மகன் இடுப்பில் கயிறு கட்டிக் கரையிலிருந்து பிடிக்கலாமா?

கரையோரம்

கட்டவே வேண்டாம். கயிற்றில் கட்டப்பட்டவர் விழுந்தால் நீர் அவரைக் கீழே இழுக்கும், நீங்கள் மேலே இழுப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் உடல் நீருக்கு அடியில் அமுங்கி நிற்கும், தலை வெளியே வராது. கயிறு தேவைப்படும் அளவுக்கு நீர் இருந்தால் அது உங்கள் குடும்பம் கடக்க வேண்டிய இடமே இல்லை.

விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்கள் நீர் போகும் பக்கம் முன்னால், பாதம் நீர்மட்டத்தில் இருக்க, கைகளால் துழாவிக் கரையைப் பார்த்து ஒதுங்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் கல்லிடுக்கில் மாட்டும். உட்காரும் அளவு ஆழம் குறைந்த பிறகுதான் நிற்க வேண்டும். மகனுக்கு இதைக் கிளம்பும் முன் வீட்டுத் தரையில் படுக்கவைத்து இரண்டு முறை செய்து காட்டுங்கள்.